கம்பெனி பேர் போட்ட பரிசை வெளிநாட்டுக்கு அனுப்புவது எப்படி? மதுரையிலிருந்து ஒரு வழிகாட்டி

கப்பலூர் சிட்கோவிலோ இலந்தைக்குளம் ஐடி பூங்காவிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரைக் கூப்பிட்டு முதலாளி ஒருநாள் சொல்வார்: "நம்ம ஃபாரின் பார்ட்டி எல்லாருக்கும் தீபாவளிக்கு ஏதாச்சும் அனுப்பி விட்ருப்பா. நம்ம லோகோ இருக்கணும், பார்க்க நல்லா இருக்கணும்." சொல்ல ஒரு நிமிஷம்தான். செய்யப் போனால் சுங்கம், கூரியர், ஜிஎஸ்டி, வாங்குகிறவர் கம்பெனியின் சட்டதிட்டம் என்று ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். அப்படி முதல்முறையாக மாட்டிக்கொண்டவர்களுக்காக இது.

ஒன்றை முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போன நொடியிலிருந்து அது பரிசு இல்லை, சரக்கு. காசு வாங்காமல் கொடுக்கிறோம் என்பதற்காகச் சுங்க அதிகாரி கண்ணை மூடிக்கொள்ள மாட்டார். நல்ல மனசோடு கொடுக்கிறோம் என்பதற்காக அந்தப் பக்கத்து ஆடிட்டரும் விட்டுவிட மாட்டார். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புவதுதான்.

கேட்டுவிட்டு வாங்குங்கள்

பெரும்பாலானோர் பொருளை வாங்கி, பெட்டி போட்டு, ரிப்பன் கட்டி முடித்த பிறகு "எங்கே அனுப்ப?" என்று கேட்பார்கள். தலைகீழ். முதல் வேலை ஒரு மெயில். "ஆண்டு முடிவில் எங்கள் நன்றியாக ஒரு சிறிய நினைவுப் பொருள் அனுப்ப நினைக்கிறோம். பரிசு ஏற்பதில் உங்கள் நிறுவனத்துக்கு ஏதேனும் வரம்பு இருந்தால் தெரிவியுங்கள்." இவ்வளவு போதும். இதைக் கேட்டால் ஆச்சரியம் போய்விடுமே என்று நம் ஆட்கள் தயங்குவார்கள். பெரிய கம்பெனிக்காரருக்கு இந்த மாதிரி ஆச்சரியம் தேவையே இல்லை. திருப்பி அனுப்புவதா, மேலதிகாரியிடம் சொல்வதா என்று அவர் முழிப்பதைவிட, முன்கூட்டியே கேட்டதற்கு நன்றி சொல்வார்.

வரம்பு ஏன் வைக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனின் 2010 லஞ்சத் தடுப்புச் சட்டம் அரசு ஊழியரோடு நிற்பதில்லை. தனியார் கம்பெனிக்காரர் இன்னொரு தனியார் கம்பெனிக்காரருக்குக் கொடுப்பதும் வாங்குவதும்கூட அதற்குள் வரும். நியாயமான அளவில் உபசரிப்பதை அது தடுக்கவில்லை. ஆனால் ஆர்டரை வளைக்கக் கொடுத்தது போலத் தெரிந்தால் சிக்கல். அமெரிக்காவின் 1977 சட்டம் வெளிநாட்டு அரசு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைப் பற்றியது. நீங்கள் அமெரிக்கக் கம்பெனிக்கு ஏஜென்டாக இருந்தால் அது உங்கள் மேலும் பாயலாம். அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் ஊழியரையும் அந்தச் சட்டம் அதிகாரியாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். வளைகுடா எண்ணெய் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர், அரசு மருத்துவமனை டாக்டர் எல்லாரும் இதில் அடக்கம்.

அமெரிக்க மத்திய அரசு ஊழியர் என்றால் கணக்கே தனி. ஒரு தடவைக்கு 20 டாலர், ஒரே ஆளிடமிருந்தோ ஒரே நிறுவனத்திடமிருந்தோ ஒரு ஆண்டுக்கு மொத்தம் 50 டாலர். அதற்கு மேல் பொதுவாக அவர் கை நீட்ட முடியாது. அரசு சம்பந்தப்பட்டவருக்கு ஒரு வாழ்த்து அட்டை போதும் என்பது என் கட்சி.

எவ்வளவு செலவழிப்பது என்று தெரியாதவர்கள், அந்தந்த ஊர்க் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் பரிசில் எவ்வளவை வரிக்கணக்கில் கழிக்க விடுகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 25 டாலர். ஜெர்மனியில் 35 யூரோவாக இருந்தது, 2024 முதல் 50. பிரிட்டனில் 50 பவுண்டு வரை, அதுவும் கம்பெனி விளம்பரம் பளிச்சென்று தெரிய வேண்டும், சாப்பாட்டுப் பொருளாக இருக்கக் கூடாது. இந்த விதிகள் மதுரையிலிருந்து அனுப்பும் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த ஊர்க் கண்ணுக்கு எது சாதாரணம், எது "என்னமோ எதிர்பார்க்கிறான்" என்று தோன்றும் அளவு என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

டெண்டர் நடக்கிற நேரம், ரேட் பேசுகிற நேரம், பழைய பில் தகராறில் இருக்கிற நேரம் – இந்த மூன்றிலும் எதையும் அனுப்பாதீர்கள், சாக்லேட் கூட. முகவரி எப்போதும் அலுவலக முகவரிதான். வீட்டு விலாசம் கேட்டாலே அவருக்குச் சந்தேகம் வரும். முடிந்தால் தனி ஆள் பெயருக்கு இல்லாமல் குழுவின் பெயருக்கு, பங்கிட்டுக்கொள்ளும்படியான பொருளாக அனுப்புங்கள்.

எதை அனுப்பலாம், எதை ஊரிலேயே விட்டுவிடலாம்

மதுரையைச் சுற்றிக் கிடைக்காத பரிசுப் பொருளே இல்லை. பிரச்சினையும் அதுதான்.

சுங்குடிக்குத்தான் என் முதல் ஓட்டு. எடை குறைவு, உடையாது, கெடாது, சொல்ல ஒரு கதை இருக்கிறது. சேலையாக வேண்டாம், துப்பட்டா அல்லது கழுத்துத் துணி அளவில் எடுங்கள். வாங்கும்போது துணியைத் திருப்பிப் பாருங்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது என்றால் பின்பக்கமும் புள்ளி அதே மாதிரி தெரியும், ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது, இஸ்திரி போடாத துணியில் புள்ளி இருக்கும் இடம் லேசாகப் புடைத்து நிற்கும். அச்சடித்தது என்றால் எல்லாம் ஒரே வட்டம், பின்னால் மங்கல். அச்சு போட்டதையும் கடையில் சுங்குடி என்றுதான் சொல்வார்கள். வாங்குவது தவறில்லை, ஆனால் அதோடு வைக்கும் அட்டையில் "மதுரை சுங்குடி" என்று எழுதாதீர்கள். 2005-இலேயே புவிசார் குறியீடு வாங்கிய பெயர் அது, அதைப் போட்டுக்கொள்ளப் பதிவு பெற்றவர்கள் தனியாக இருக்கிறார்கள். அவர்களிடம் பில் போட்டு வாங்குங்கள். அடர் சிவப்பும் கருநீலமும் முதல் துவைப்பில் சாயம் விடும். அங்கே இருப்பவர் வெள்ளைச் சட்டைகளோடு மெஷினில் போட்டுவிட்டால் உங்கள் கம்பெனி பெயர் என்றைக்கும் மறக்காது. "தனியாக, குளிர்ந்த தண்ணீரில்" என்று ஒரு சீட்டு கட்டாயம்.

லோகோவைத் துணியின் மேல் அடிக்காதீர்கள். ஓரத்தில் விரல்நகம் அளவு லேபிள் தைத்தால் போதும், அல்லது உறையில் மட்டும். முதுகு முழுக்கக் கம்பெனி பேர் போட்ட சட்டையை எந்த நாட்டுக்காரரும் வெளியே போட்டுப் போவதில்லை. பாதி லோகோ அவர்களுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தால், அவர்களிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். அமெரிக்காவுக்குப் போகும் துணியில் எந்த நாட்டில் செய்தது, என்ன நூல் என்ற லேபிள் இருந்தாக வேண்டும்.

சிவகாசி டைரி, காலண்டர் நல்ல தேர்வு, மாற்றி அச்சடித்தால். நம் ஊர் அமாவாசையும் அரசு விடுமுறையும் போட்ட காலண்டர் ஹாம்பர்க்கில் யாருக்கு உதவும்? அந்த நாட்டு விடுமுறை, ஜெர்மனிக்கு திங்களில் தொடங்கும் வாரம், அமெரிக்காவுக்கு மாதத்தை முன்னால் போடும் தேதி – இவ்வளவையும் செய்தால் அது வருடம் முழுக்க மேசையில் இருக்கும். செய்யாவிட்டால் குப்பைக்கூடைதான்.

சாப்பாட்டுக்கு வருவோம். இதில்தான் பாசம் கண்ணை மறைக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா பால் பொருள். இந்தியாவிலிருந்து பார்சலில் வரும் பால் பொருளை ஐரோப்பிய யூனியனும் பிரிட்டனும் உள்ளே விடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டும் விதை, பால், மரம், நார் எதுவாக இருந்தாலும் பிரித்துப் பார்க்கும். அமெரிக்காவுக்கு ஒரு பாக்கெட் மணப்பாறை முறுக்கு போனாலும் கம்பெனி அனுப்பும்போது அங்குள்ள உணவு, மருந்து நிர்வாகத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். செட்டிநாட்டு மசாலா தொகுப்பு பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் சேர்மானத்தில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், சமையல் சாமானாகவே நினைக்க மாட்டார்கள். அமீரகத்துக்கு வெற்றிலையும் ஆகாது, ஆகவே தாம்பூலத் தட்டு யோசனையை விட்டுவிடுங்கள். பலகாரம் கொடுத்தே தீர வேண்டும் என்றால் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலோ டொரண்டோ ஸ்கார்பரோவிலோ இருக்கும் நம் ஆள் கடையில் ஆர்டர் போட்டு அங்கேயே கொண்டு கொடுக்கச் சொல்லுங்கள். புதிதாகவும் இருக்கும், சுங்கமும் இல்லை.

அடுத்து, தொடவே கூடாதவை. மயில் தோகையும் அதில் செய்த விசிறியும் ஏற்றுமதிக்குத் தடை. ராமேஸ்வரத்துச் சங்கு, சிப்பிப் பொருட்களில் சில இனங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. எது எது என்று உங்களாலும் என்னாலும் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் மொத்தமாக ஒதுக்குங்கள். ஈட்டி மரப் பொம்மைக்குத் தனிச் சான்றிதழ் கேட்பார்கள். காரைக்குடியில் பழைய சாமான் விற்கும் கடைகளில் பித்தளைக் கூஜாவைப் பார்த்தால் ஆசை வரும். 100 ஆண்டு தாண்டியது என்றால் அது பழம்பொருள், அதே 1972-இல் வந்த பழம்பொருள் சட்டப்படி தனியார் வெளியே அனுப்பக் கூடாது. புதிதாகச் செய்து பழசு போலக் கறுக்க வைத்ததையும் சுங்கத்தில் நிறுத்தி, பழம்பொருள் இல்லை என்று தொல்லியல் துறையின் சான்று கேட்கலாம். திருப்பாச்சேத்தி அரிவாளைச் சின்னதாகச் செய்து ஸ்டாண்டில் வைத்து அனுப்பலாமா என்று ஒருவர் ஆர்வமாகக் கேட்டார். வேண்டாம் தம்பி, எக்ஸ்ரேயில் அது சின்னதாகத் தெரியாது.

பவர்பேங்க் இன்றைக்கு எல்லாரும் லோகோ போட்டுக் கொடுப்பது. உள்ளூரில் கொடுங்கள். தனி பவர்பேங்க் விமானக் கணக்கில் லித்தியம் அயன் பேட்டரி, ஆபத்தான சரக்குப் பட்டியலில் யுஎன் 3480 என்ற எண். பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 முதல் தடை. சென்ட், அத்தர் இரண்டும் தீப்பிடிக்கும் பொருள் வகையில் சேரும்.

இன்வாய்ஸ் எழுதுவது

விலை இல்லாத பொருளுக்கு எதற்கு இன்வாய்ஸ் என்று கேட்காதீர்கள். பெட்டி நிற்பதும் போவதும் இந்த ஒரு தாளில்தான்.

விவரத்தில் "கிஃப்ட் ஐட்டம்ஸ்" என்று எழுதினால் அதிகாரி பெட்டியைப் பிரிப்பார். எழுத வேண்டியது இப்படி: "நெய்த பருத்தித் துப்பட்டா, 100 சதவீதம் பருத்தி, கையால் சாயம் ஏற்றியது, 12 எண்ணம், ஒன்று 650 ரூபாய், இந்தியாவில் செய்தது, விற்பனைக்கு அல்ல." ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், ஆனால் இந்த வரிசையில் எழுதுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எச்எஸ் எண் தேவை, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண். பின்னல் டி-ஷர்ட் 6109, சால்வை, துப்பட்டா வகை 6214, தொப்பி 6505, டைரி 4820, காலண்டர் 4910, பேனா 9608, சூடு தாங்கும் ஃபிளாஸ்க் 9617. ஒரு பெட்டியில் நான்கு வகை இருந்தால் நான்கு வரி.

விலையைப் பூஜ்ஜியம் என்று போடக் கூடாது. நீங்கள் வாங்கிய விலையைப் போட்டு, "சுங்க மதிப்பீட்டுக்கு மட்டும், பணம் பெறப்படவில்லை" என்று கீழே எழுதுங்கள். 650-ஐ 100 என்று குறைப்பதும் வேண்டாம். பெட்டி தொலைந்தால் இன்சூரன்ஸில் அந்த 100-தான் கிடைக்கும், பிடிபட்டால் அபராதம் தனி.

இப்போது முக்கியமான இடம். "பரிசுக்கு வரி இல்லையாமே?" என்பது பாதி உண்மை. பிரிட்டனில் 39 பவுண்டு, ஐரோப்பிய யூனியனில் 45 யூரோ, அமெரிக்காவில் 100 டாலர் வரை பரிசுக்கு விலக்கு உண்டு. ஆனால் மூன்றுமே ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு அனுப்புவதற்கு. கம்பெனி அனுப்பினால் கிடையாது. அனுப்புநர் இடத்தில் முதலாளியின் சொந்தப் பெயரைப் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். உள்ளே எல்லாவற்றிலும் கம்பெனி லோகோ இருக்கும்போது அதைவிட வெட்டவெளிச்சமான பொய் கிடையாது. ஐரோப்பிய யூனியனில் சின்னப் பார்சலுக்கு இருந்த வாட் விலக்கு 2021 ஜூலையோடு போய்விட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் போய்க்கொண்டிருந்ததும் 2025 ஆகஸ்ட் 29-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பு அனுப்பிப் பழகியவர் சொல்லும் கணக்கை நம்பி இறங்காதீர்கள். அனுப்புகிற வாரத்தில் கூரியர்காரரிடம் அந்த நாட்டு வரியைக் கேட்டு வாங்குங்கள்.

வரி உண்டென்றால் யார் கட்டுவது? இங்கேதான் மானம் போகும். கூரியர் படிவத்தில் டிஏபி என்று இருந்தால், வரியை வாங்குகிறவர் கட்ட வேண்டும். அதாவது நீங்கள் அனுப்பிய 15 டாலர் பொருளுக்கு, வரி, கூரியரின் கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்து அவர் வாசலில் ஒரு பில் நீட்டப்படும். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் காசு கேட்ட மாதிரி. எனவே எப்போதும் டிடிபி, வரியும் அனுப்புகிறவர் கணக்கில். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சில நாடுகளில் பொருளின் விலையைவிட இந்தச் செலவு கூடிப்போகும்.

நம் பக்கத்து வேலை அதிகம் இல்லை. 2023 வெளிநாட்டு வணிகக் கொள்கைப்படி ஒரு ஆண்டில் 5 லட்சம் ரூபாய் மதிப்பு வரை பரிசாக ஏற்றுமதி செய்யலாம். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள பொருளாக இருக்கக் கூடாது. கம்பெனியின் ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்யப் பதிவு செய்து வாங்கும் எண்) உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஆன்லைனில் உறுதிப்படுத்தாவிட்டால் முடங்கிவிடும். கூரியரில் அனுப்பச் சுங்கத்துக்குக் கொடுக்கும் படிவம் சிஎஸ்பி. அதில் சிஎஸ்பி-4 என்பது பரிசுக்கும் சாம்பிளுக்கும், சிஎஸ்பி-5 விற்பனைக்கு. மாற்றிப் போட்டுவிட்டால் வராத பணத்துக்கு பேங்க் கணக்குக் கேட்கும். பெறுகிறவரின் கைபேசி எண், மின்னஞ்சல் இரண்டும் வேண்டும். ஐரோப்பா, பிரிட்டன் கம்பெனிகளுக்கு அவர்களுடைய இஓஆர்ஐ எண்ணையும் (அந்த ஊர்ச் சுங்கத்தில் கம்பெனிக்குக் கொடுக்கும் பதிவு எண்) முதல் மெயிலிலேயே கேட்டு வாங்குங்கள்.

பெட்டி

கூரியர்காரர் எடையோடு இடத்துக்கும் காசு வாங்குவார். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுங்கள். 40, 30, 20 பெட்டி என்றால் 4.8 கிலோ, உள்ளே ஒரு கிலோ துணிதான் இருந்தாலும். அட்டைப்பெட்டிதான் நல்லது. மரப்பெட்டி என்றால் பூச்சி நீக்கச் சூடேற்றிய முத்திரை கேட்பார்கள். விளாச்சேரி பொம்மை, மானாமதுரை மண்பாண்டம் அனுப்பினால் வைக்கோல் வைத்துக் கட்டாதீர்கள், காகிதமும் குமிழி உறையும் போதும்.

எந்த ஊருக்கு என்ன மரியாதை

ஜப்பானில் பொருளைவிடச் சுற்றிய தாளைப் பார்ப்பார்கள். மடிப்பு பிசகக் கூடாது. குழுவுக்கு அனுப்பினால் ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், நான்கு நான்காக வேண்டாம். சீனாவுக்குக் கடிகாரமும் பச்சைத் தொப்பியும் ஆகாது. முதலாவது சாவோடு சேர்ந்தது, இரண்டாவது மனைவியிடம் ஏமாந்தவன் என்று கேலி செய்வது. உங்கள் கம்பெனி நிறம் பச்சையாக இருந்தாலும் தொப்பியை வேறு நிறத்தில் அடியுங்கள். நாம் 101, 501 என்று ஒற்றையில் வைப்போம், சீனர்களுக்கு இரட்டைதான் மங்களம். அந்த ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய கவரை எந்த நாட்டுக்கும் வைக்காதீர்கள். பணத்தைக் கூரியர் ஏற்காது, ஏற்றாலும் பரிசுப் பெட்டியில் பணம் என்பது வேறு அர்த்தம்.

வளைகுடாவுக்கு மீனாட்சி அம்மன் கோபுரம் போட்ட குவளையும் சுவாமி படமும் தவிர்க்கவும். மதுரை என்று காட்ட வேண்டுமா, திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் அழகாக இருக்கும். தோல் பொருள் என்றால் எந்தத் தோல் என்று எழுதி வையுங்கள். ஜெர்மனிக்காரருக்குச் சின்னதாக, உபயோகமாக. அமெரிக்காவில் பெட்டியை உடனே பிரித்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். நாம் வாங்கிய கையோடு ஓரமாக வைப்போம் இல்லையா, அதே எதிர்பார்ப்போடு இருக்காதீர்கள், பதில் மெயில் அன்றைக்கே வரும்.

எப்போது அனுப்புவது? என்னைக் கேட்டால் பொங்கலுக்கு. தீபாவளிக்கு இந்தியக் கம்பெனி எல்லாம் அனுப்பும், டிசம்பரில் கிறிஸ்துமஸ் நெரிசலில் கூரியர் திணறும். ஜனவரி நடுவில் மேசை காலியாக இருக்கும், அறுவடைத் திருநாள் என்று இரண்டு வரி எழுதினால் எந்த மதக்காரருக்கும் புரியும். காலண்டர் மட்டும் விதிவிலக்கு, அது நவம்பருக்குள் கிளம்ப வேண்டும்.

கணக்கும் கோப்பும்

பரிசாகக் கொடுத்த பொருளுக்கு வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது. மத்திய ஜிஎஸ்டி சட்டம் 17(5)(எச்) அதைத் தடுக்கிறது. எடுத்திருந்தால் திருப்ப வேண்டும். ஆடிட்டரிடம் இதை மார்ச்சில் இல்லை, அனுப்பிய மாதமே சொல்லுங்கள்.

சில நேரம் ஒரு மெயில் வரும்: "மன்னிக்கவும், எங்கள் விதிப்படி ஏற்க இயலவில்லை." முகம் வாட வேண்டியதில்லை, போன் போட்டு வற்புறுத்தவும் வேண்டாம். திரும்ப வரவழைத்தால் இந்தியாவில் மறுபடி இறக்குமதிச் சுங்கம் என்று இன்னொரு தலைவலி. அங்கேயே குழுவில் குலுக்கிப் போட்டோ தொண்டு நிறுவனத்துக்கோ கொடுத்துவிடச் சொல்லி, அந்தப் பதிலையும் இன்வாய்ஸ், டெலிவரி ரசீதோடு ஒரே கோப்பில் போடுங்கள். ஒரு எக்செல் தாளில் பெயர், கம்பெனி, தேதி, மதிப்பு நான்கையும் குறித்து வையுங்கள். பல கம்பெனிகளின் வரம்பு ஒரு ஆண்டுக்கானது. பொங்கலுக்கு நீங்கள் அனுப்பியதும் ஏப்ரலில் கண்காட்சிக்குப் போன விற்பனைப் பிரிவு கையில் கொடுத்ததும் ஒரே கணக்கில்தான் ஏறும்.